அந்த அறையில் கேமரா யாரைப் பார்த்தது?

2015 மே மாதம், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற மாயக்கதைத் தொடரின் ஐந்தாவது சீசனில் ஆறாவது பகுதி வெளியான வாரம், எங்கள் வாசிப்பு வட்டத்தில் அன்றைக்கு எடுத்துக்கொண்ட புத்தகத்தை யாரும் திறக்கவே இல்லை. மதுரையில் மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடிப் பேசுகிற சின்னக் கூட்டம் எங்களுடையது. பென்டிரைவ் கைமாறி எல்லோரும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். காபி ஆறியது, சண்டை சூடானது.

பார்க்காதவர்களுக்காகக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். சான்சா ஸ்டார்க்கின் முதலிரவு. அவளைக் கட்டிக்கொண்ட ராம்சே போல்டன், வதைத்து வதைத்து அடிமையாக்கி வைத்திருக்கும் தியானை அறையை விட்டுப் போகவிடவில்லை. நின்று பார் என்கிறான். தியான் அவள் வீட்டில் அவளோடு சேர்ந்து வளர்ந்தவன். உடை கிழிகிறது. சான்சாவின் முகம் கொஞ்ச நேரம் தெரிகிறது. அப்புறம் கேமரா தியானின் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அவள் கதறுவது காதில் மட்டும் விழுகிறது. அழுகிற அந்த ஆணின் முகத்தோடு பகுதி முடிகிறது.

"எதையும் அப்பட்டமாகக் காட்டவில்லையே, நாகரிகமாகத்தானே எடுத்திருக்கிறார்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார். எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவர் தொடரைப் பார்த்ததே மகன் வற்புறுத்தியதால்தான். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கஷ்டம் அவளுக்கு, க்ளோசப் அவனுக்கா?"

மாயக்கதைகளில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று அதற்கு முன்பும் நிறையப் பேசியிருக்கிறோம். வீரமான பெண் உண்டா, வாள் பிடிக்கிறாளா, நாட்டை ஆள்கிறாளா என்றுதான் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்போம். டீச்சரின் கேள்வி அதைவிடக் கூர்மையானது. அதற்குப் பிறகு எந்தக் கதையை எடுத்தாலும் முதலில் அதைத்தான் கேட்டுப் பார்க்கிறேன். கேட்கப் பழகிக்கொண்டால் உங்களுக்கும் உதவும்.

உடனே ஒருவர், "மூலப் புத்தகம் இப்படி இல்லை, தொடர்க்காரர்கள்தான் கெடுத்தார்கள்" என்றார். பாதி சரி. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2011இல் வெளியிட்ட ஐந்தாவது நாவலில் ராம்சேக்கு மணமகளாகப் போவது சான்சா இல்லை. அவளுடைய தோழி ஜெயின் பூலை, ஆர்யா ஸ்டார்க் என்று பொய் சொல்லிக் கட்டிவைக்கிறார்கள். சான்சா அப்போது வேறோர் இடத்தில், வேறு பெயரில், அரசியல் பழகிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அந்த அத்தியாயமும் தியானின் கண் வழியாகத்தான் போகிறது. அங்கே நடப்பது இன்னும் கொடூரம். ஜெயினுக்கென்று ஓர் அத்தியாயம்கூட இல்லை. வாசகர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயரே நினைவிருக்காது. 'புத்தகம் உத்தமம், டிவி மோசம்' என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துப் போடுவேன்.

தொடர் செய்த கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. நாவல்களில் சான்சாவுக்கென்றே அத்தியாயங்கள் உண்டு. அவள் பயம், அவள் போடும் கணக்கு, அவள் சொல்லும் பொய் எல்லாம் அவள் தலைக்குள் இருந்தே நமக்குத் தெரியும். அப்படி உள்ளே இருந்து காட்டப்பட்ட ஒரு பெண்ணைக் கொண்டுவந்து, வாழ்க்கையிலேயே மோசமான இரவில் அவளை இன்னொருவனின் துயரத்துக்குப் பின்னணி ஒலி ஆக்கிவிட்டார்கள்.

இரண்டாவதாக நான் பார்ப்பது 'மறுநாள்'. அடிபட்ட பெண்ணுக்குக் கதையில் மறுநாள் இருக்கிறதா? அவள் யாரிடமாவது அதைப் பற்றிப் பேசுகிறாளா, அல்லது அவள் அண்ணனோ காதலனோ பழிவாங்கக் கிளம்புவதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறதா? இந்த விஷயத்தில் அதே தொடருக்கு ஒரு நல்ல மதிப்பெண் போட வேண்டும். மறுவருடம், ஆறாவது சீசனில், தன்னை அந்தக் குடும்பத்துக்கு விற்ற லிட்டில்ஃபிங்கரை சான்சா நேருக்கு நேர் சந்திக்கிறாள். 'ராம்சே எனக்கு என்ன செய்தான் என்று நினைக்கிறாய், நீயே சொல்' என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்க்கிறாள். பின்னால் அவளுக்குக் காவலாக வந்த வீராங்கனை பிரியேன் வாளோடு நிற்கிறாள். யாரும் யாரையும் வெட்டவில்லை. ஆனால் எட்டு சீசனில் எனக்குப் பிடித்த காட்சிகளில் அது ஒன்று.

அப்புறம் 2019இல் கடைசி சீசன் வந்து அதைக் கெடுத்தது. ராம்சேயும் லிட்டில்ஃபிங்கரும் மற்றவர்களும் இல்லாமல் போயிருந்தால் நான் வாழ்நாள் முழுக்கச் சின்னக் குருவியாகவே இருந்திருப்பேன் என்று சான்சாவே சொல்கிறாள். ஹாலிவுட் நடிகை ஜெசிகா சாஸ்டெய்ன் வெளிப்படையாகவே இதைக் கண்டித்தார். எங்கள் கூட்டத்தில் தொடரின் பரம விசிறிகள்கூட அன்று வாய் திறக்கவில்லை. இதை எழுதியது யார் என்று தேடிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். மொத்தம் 73 பகுதிகள். எழுதியவர் பட்டியலில் பெண் பெயர் வருவது நான்கில், அதுவும் முதல் மூன்று சீசன்களிலேயே முடிந்துவிடுகிறது. இயக்கிய பெண் ஒரே ஒருவர், மிஷெல் மெக்லாரன். அவருக்கும் நான்கு பகுதிகள்தான். பெண் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் எழுதும் மேஜையைச் சுற்றி ஒரு பெண்ணாவது இருந்திருந்தால் 'இந்த வரி வேண்டாமே' என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த விவாதம் எங்கே நடந்தாலும் ஒரு பதில் தவறாமல் வரும். 'அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது, வரலாற்றைக் காட்டுகிறார்கள்.' எந்தக் காலம் என்று திருப்பிக் கேளுங்கள். கோடையும் குளிரும் வருடக்கணக்கில் நீளும் உலகம் அது. 700 அடி உயரத்துக்குப் பனியால் சுவர் நிற்கிறது, டிராகன் பறக்கிறது. இவ்வளவையும் மாற்ற முடிந்த கற்பனைக்கு இதை மட்டும் மாற்ற முடியாதா? அதைவிட நல்ல பதில் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. டோர்ன் என்ற தென்பகுதியில் ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்குத்தான் பட்டம். ஆக, அவர் படைத்த உலகத்திலேயே வேறு ஏற்பாடு சாத்தியம் என்று ஆசிரியரே எழுதி வைத்திருக்கிறார். நிஜ வரலாறும் அவ்வளவு ஒற்றை நிறம் இல்லை. இதே உலகத்தின் முந்தைய காலத்தைச் சொல்லும் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரின் கதைக்கு அடிப்படை இங்கிலாந்தில் 1135இல் வெடித்த வாரிசுச் சண்டை. மகள் மெட்டில்டாவை ஏற்பதாக அரசர் முதலாம் ஹென்றியிடம் பிரபுக்கள் சத்தியம் செய்து கொடுத்தார்கள். அவர் கண்மூடியதும் அவருடைய சகோதரி மகன் ஸ்டீஃபனுக்கு முடிசூட்டினார்கள். அவள் விடவில்லை, படை திரட்டிப் போராடினாள்.

'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' எனக்குத் தனிப்பட்ட காரணத்துக்காகப் பிடிக்கும். 2022இல் வந்த முதல் சீசனின் ஆறாம் பகுதி. பட்டத்துக்கு வாரிசான இளவரசி ரெய்னைராவுக்குப் பிரசவம் ஆகிறது. குழந்தையை உடனே கொண்டு வந்து காட்டச் சொல்கிறாள் ராணி அலிசென்ட். குழந்தையைத் தனியே அனுப்ப மனமில்லாமல் ரெய்னைராவே எழுந்துவிடுகிறாள். கணவன் தாங்கிப் பிடிக்க, படிப்படியாக ஏறி, அரண்மனையின் அத்தனை தாழ்வாரங்களையும் கடந்து நடக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் நடந்த தரையில் இரத்தம். அதே பகுதியில் இன்னும் சின்னதாக ஒரு விஷயம் வரும். மந்திரிசபையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது பால் சுரந்து அவள் உடை நனைகிறது.

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம் எனக்கும் இது நடந்தது. தணிக்கைக் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, ஃபைலை மார்போடு அணைத்தபடி, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போக ஒரு காரணமும் தோன்றவில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா 'பழைய ரசீது ரெக்கார்டு ரூமில் இருக்கு, வா எடுத்துட்டு வரலாம்' என்று கூட்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவலுக்கு நின்றார். இருபது வயதிலிருந்து மாயக்கதை படிக்கிறேன். எத்தனையோ ராணிகள் வந்து போயிருக்கிறார்கள். ஒரு ராணிக்காவது இது நடந்ததாக நான் படித்தது கிடையாது. அந்தப் பகுதியை எழுதியவர் சாரா ஹெஸ். பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அதே தொடரின் முதல் பகுதியில் அரசி ஏம்மாவின் பிரசவம் வருகிறது. வயிற்றைக் கிழித்தால் குழந்தையையாவது காப்பாற்றலாம் என்கிறார்கள், அரசன் சம்மதிக்கிறான். அவளிடம் யாரும் கேட்கவில்லை. பார்க்கவே முடியாத காட்சிதான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனாலும் சான்சா காட்சியோடு அதைச் சேர்க்க மாட்டேன். இங்கே கேமரா அவள் முகத்தை விட்டு ஓடவில்லை. முழுக் கதையும் அந்தக் கட்டிலில்தான் தொடங்குகிறது. வன்முறை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்து ஒரு கதையை ஒதுக்கக்கூடாது என்று சொல்வதற்கு எனக்கு இதுதான் உதாரணம்.

வாள் பிடித்த பெண்களுக்கு வருகிறேன். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் ஏயோவின் ஆண் வேடம் போட்டுப் போருக்குப் போய், எந்த ஆணாலும் கொல்ல முடியாதவன் என்று பேரெடுத்த நஸ்கூல் என்ற ஆவிப் படையின் தலைவனை வீழ்த்துகிறாள். கைதட்டுவதற்கு அது போதும். எனக்கு அதைவிட முக்கியம் அவள் போருக்கு முன் கதையின் நாயகர்களில் ஒருவனான அரகோர்னிடம் பேசுவது. 'ஆண்கள் போர்க்களத்தில் செத்த பிறகு, அவர்களுக்கு இனித் தேவைப்படாத வீட்டோடு சேர்ந்து எரிந்துபோக மட்டும்தான் எங்களுக்கு அனுமதி' என்கிற பொருளில் பொரிந்து தள்ளுவாள். 1950களில் வெளியான, பெண் பாத்திரங்களே அரிதான ஒரு கதையில் அது எப்படி வந்தது என்று இன்றும் வியப்பாக இருக்கிறது. போர் முடிந்ததும் அவள் ஃபாரமிரை மணந்து, இனி நோய் தீர்ப்பவளாக இருப்பேன் என்று சொல்வதுதான் பலருக்கு உறுத்துகிறது. எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை, ஃபாரமிரும் போரை ரசிக்காத ஆள்தான். இது சொந்த அபிப்பிராயம், சண்டைக்கு வராதீர்கள்.

உர்சுலா கே. லெ குவினின் 'எர்த்சீ' வரிசையைப் பற்றி மட்டும் என்னால் சுருக்கமாகப் பேச முடியாது. முதல் நாவல் 1968இல் வந்தது. மந்திரவாதிகள் படிக்கும் ரோக் தீவில் ஆண்களுக்கு மட்டுமே இடம். பெண்களின் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று அங்கே பழமொழியே உண்டு. கெட் என்ற நாயகனுக்கு முதல் மந்திரத்தைச் சொல்லிக் கொடுப்பவள் அவன் சித்தி, கிராமத்துச் சூனியக்காரி. அவளுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. இத்தனைக்கும் அந்த உலகத்தில் பெயர் தெரிந்தால்தான் மந்திரமே பலிக்கும்! 1971இல் வந்த இரண்டாவது நாவலில் டெனார் வருகிறாள். சிறுமியாக இருக்கும்போதே கோயிலுக்கு எடுத்துப்போய், பெயரைப் பிடுங்கி, இருட்டுச் சுரங்கங்களுக்குப் பூசாரிணி ஆக்கிவிடுகிறார்கள். கெட்டோடு சேர்ந்து அவள் தப்பிக்கிறாள். 1972இல் மூன்றாவது. மூன்றிலும் உலகத்தின் சட்டம் அப்படியே இருக்கிறது.

பதினெட்டு வருடம் கழித்து, 1990இல், லெ குவின் திரும்பி வந்து 'டெஹானு' எழுதினார். அதே உலகம்தான், ஆனால் பார்க்கும் இடம் மாறிவிட்டது. டெனார் இப்போது நடுவயது விதவை. ஆடும் தோட்டமுமாக இருக்கிறாள். சொந்த ஆட்களே சிதைத்துத் தீயில் தள்ளிய ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். மாபெரும் மந்திரவாதி கெட், சக்தி முழுவதையும் இழந்து டிராகன் முதுகில் வந்து அவள் பக்கத்தில் விழுகிறான். அப்புறம் அவன் செய்வது என்ன தெரியுமா? ஆடு மேய்க்கிறான். சாப்பிட்ட தட்டை எடுத்து வை என்று டெனார் சொன்னால், கடலிலிருந்து திரும்பிய அவள் மகன் அது பெண்கள் வேலை என்று மறுக்கிறான். உலகத்தையே காப்பாற்றிய கெட்டோ பாத்திரம் கழுவுகிறான். இது நடப்பது உலகின் புகழ்பெற்ற மாயக்கதை ஒன்றில்!

அந்த நாவல் நெபுலா விருது வாங்கியது. பழைய வாசகர்கள் பலருக்குப் பிடிக்காமலும் போனது. 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசிய உரை ஒன்றில், வீரக்கதை என்றாலே ஆணின் கதை என்ற மரபைப் பற்றியும், தான் ஏன் திரும்பிப் போய் எழுத வேண்டியிருந்தது என்பதைப் பற்றியும் லெ குவின் விளக்கினார். 2001இல் இன்னும் ஒரு படி போய், ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களிலேயே பெண்கள் இருந்தார்கள், பின்னால்தான் அவர்களை வெளியே தள்ளினார்கள் என்று ஒரு நீள்கதை எழுதினார். முதல் புத்தகத்தில் எழுதிய எதையும் அவர் அழிக்கவில்லை. அதை யார் சொன்ன வரலாறு என்று காட்டிவிட்டார், அவ்வளவுதான்.

என் தம்பி மகன் 'டெஹானு' படித்துவிட்டு, "அத்தை, ஹீரோவைக் கெடுத்துட்டாங்க" என்றான். அவனுக்குப் பத்தொன்பது வயது. சண்டை இல்லாமல் ஒரு ஆண் என்ன செய்வான் என்ற கேள்வி அவனைப் படுத்துகிறது என்று புரிந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. எந்த இடத்தில் கெட்டது என்று மட்டும் கேட்டேன். பாத்திரம் கழுவும் இடத்தைத்தான் சொன்னான். பேச்சு அங்கிருந்து தொடங்கி, வீட்டில் அவன் என்னென்ன செய்கிறான் என்பதில் போய் நின்றது. இளைஞர்களுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்கிறவர்கள் முதல் மூன்றையும் படிக்க வைத்துவிட்டுக் கொடுங்கள். நேராக நான்காவதுக்குப் போனால், கெட் எதை இழந்தான் என்பதே தெரியாது.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் வியாதி என்று நினைப்பவர்கள் நம் பெரிய எழுத்துக் கதைகளைப் புரட்டலாம். என் அப்பத்தா ராகம் போட்டுப் படித்தது 'அல்லி அரசாணி மாலை'. மதுரையை ஆளும் அல்லி ஆண் வாடையே ஆகாதவள். ஆட்சி, காவல் எல்லாம் பெண்கள். முழுக்க முழுக்க மாயக்கதை. அர்ச்சுனன் கண்ணன் துணையோடு பாம்பாக மாறி அவள் படுக்கைக்குப் போய், தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அல்லி கொதிக்கிறாள். ஆனாலும் கதை கடைசியில் அவளை மனைவியாக்கி, புலந்திரனுக்குத் தாயாக்கித்தான் ஓய்கிறது. அப்பத்தா தாலி கட்டும் இடத்தை மட்டும் வேகமாகப் படித்துத் தாண்டுவார். அல்லியின் கோபத்தை நிறுத்தி நிதானமாகப் படிப்பார்.

வீட்டில் நான் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். மகள் பத்தாம் வகுப்பு. பார்க்காதே என்றால் தோழியின் போனில் பார்ப்பாள். அதனால் நான் முதலில் பார்த்துவிடுவேன். மோசமான காட்சி வந்தால் ரிமோட்டைத் தட்டித் தாண்டி, என்ன நடந்தது என்று இரண்டு வரியில் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு நான் பாடம் எடுப்பதில்லை. 'இவளுக்கு அடுத்த காட்சி இருக்குமா பார்ப்போம்' என்று மட்டும் போட்டுவைப்பேன். இப்போது அவளே 'இவளுக்கு மறுநாள் இல்லைம்மா' என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு என் சிபாரிசு டெர்ரி பிராட்செட் 1987இல் எழுதிய 'ஈக்வல் ரைட்ஸ்'. எட்டாவது மகனுக்கு எட்டாவதாகப் பிறக்கும் மகன் என்று நம்பி, சாகப் போகும் மந்திரவாதி தன் கோலைக் கொடுத்துவிடுகிறார். பிறந்ததோ பெண். அவளைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப் போகும் கிழவி கிரானி வெதர்வாக்ஸ் இருக்கிறாரே, அவருக்காகவே படிக்கலாம்.

நானும் மாயக்கதை எழுதுகிறேன், சிறுவர் இதழ்களுக்கு. எழுதி முடித்ததும் ஒரு முறை பிரதியைத் திரும்பப் படித்து, பேச்சே இல்லாமல் வந்து போகும் ஆட்களை மட்டும் பார்ப்பேன். காவல்காரன், படகுக்காரன், வைத்தியர், சந்தையில் தராசு பிடிப்பவர். கை தானாக எல்லோரையும் ஆணாக எழுதியிருக்கும். பாதியைப் பெண்ணாக்குவேன். வசனத்தைத் தொடமாட்டேன். பெரும்பாலும் எதுவும் மாற்றத் தேவைப்படாது. சில இடத்தில் கதையே திரும்பிக்கொள்ளும், படகுக்காரி இரவில் தனியாக அக்கரைக்குப் போவாளா என்று. அப்போதுதான் அந்த ஊரின் சட்டம் என்ன என்று யோசிக்க வேண்டிவரும். நாடுவிட்டு நாடு போகும் பயணம் என்றால், யார் சமைத்தார்கள், துணி யார் துவைத்தார்கள் என்று ஓர் இடத்திலாவது எழுதிவிடுவேன். பட்டியல் போட வேண்டாம், ஒரு வரி போதும்.

போன முறை அனுப்பிய கதையில் டிராகனோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் எழுபது வயது மருத்துவச்சி. இதழிலிருந்து போன் வந்தது. கதை பிரமாதம் மேடம், ஆனால் பாட்டியின் வயதை மட்டும் கொஞ்சம் குறைத்து, படத்தில் அழகாக வருகிற மாதிரி ஒரு இளவரசியாக்க முடியுமா என்றார்கள். முடியாது என்றேன். கதை திரும்பி வந்தது, வேறோர் இதழ் போட்டது. அடுத்த கதையில் அவளுக்கு இரண்டு தோழிகளையும் சேர்த்திருக்கிறேன். மூன்று பேர் வயதையும் கூட்டினால் இருநூறைத் தாண்டும்.